சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சையில் புள்ளி குறைந்த ஒருவருக்கு

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். உயர்தரத்தில் கலைப் பிரிவில் முதல் தடவையிலேயே மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறார். ஆனால் பல்கலைக்கழகச் சட்டத்துறைக்கான வெட்டுப்புள்ளிக்கு அவரது இஸட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கப்படும் தரப்படுத்திய புள்ளி, எட்டவில்லை. அதன்பின் இலங்கைச் சட்டக்கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்குத் தமிழ் மொழிமூலம் தோற்றினார். மாதக்கணக்காகப் பொது அறிவுக் கைநூல்களை மனனம் செய்தும் தெரிவாகவில்லை. புள்ளியும் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு. மறுபடி எழுதுவதா, சட்டம் நமக்கு வராது என்று விட்டுவிட்டு ஆசிரியர் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிப்பதா, கொழுந்தெடுத்துப் படிக்க வைத்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்கிறார்.

மறுபடி எழுதலாம். ஆனால் முன்பு செய்ததையே இன்னும் கூடுதலான மணிநேரம் செய்வதற்காக எழுதுவதில் பயனில்லை. எதனால் புள்ளி குறைந்தது என்பதை வினா வகை வகையாகப் பிரித்துப் பார்த்த பிறகே புத்தகத்தைத் திறக்க வேண்டும். கேள்வியிலுள்ள ஒரே ஒரு விவரத்தை வைத்துப் பார்த்தாலே, அதாவது காலமெல்லாம் பொது அறிவை மனனம் செய்தார் என்பதை வைத்துப் பார்த்தாலே, குறை எங்கே இருக்கக்கூடும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

முதலில் அந்தப் புள்ளி எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். சாதாரண தரத்தில் குறித்த புள்ளியைத் தாண்டிய அனைவரும் சித்தியடைகிறார்கள். இது அப்படிப்பட்ட பரீட்சையன்று. இடங்கள் வரையறுக்கப்பட்டவை; எழுதியவர்களை வரிசைப்படுத்தி, மேலிருந்து அந்த எண்ணிக்கைவரை எடுக்கிறார்கள். ஆகவே உங்கள் புள்ளி, அந்த ஆண்டில், அந்த வினாத்தாளில், உங்களோடு எழுதியவர்களுக்கிடையே நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதை மட்டுமே காட்டுகிறது. சட்டம் படிக்கும் தகுதி உங்களுக்கு உண்டா இல்லையா என்பதை அது அளப்பதில்லை. அதே காரணத்தால், சென்ற ஆண்டு தெரிவான ஒருவரின் புள்ளியைக் கேட்டறிந்து அதையே இலக்காக வைத்துப் படிப்பதும் சரியன்று. வினாத்தாள் மாறினால் அந்த இலக்கும் மாறிவிடும்.

பரீட்சை நினைவில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. ஒரு கொப்பியை எடுத்து, ஞாபகத்திலுள்ள வினாக்களையெல்லாம் எழுதுங்கள். அவற்றுள் தெரியாமல் விட்டவை எவை, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டவை எவை, தெரியும் என்ற நம்பிக்கையோடு எழுதிப் பிழைத்தவை எவை என்று பிரியுங்கள். முதல் வகைக்குப் படிப்பு மருந்து. இரண்டாவதற்குப் பயிற்சி மருந்து. மூன்றாவது வகைதான் ஆளைக் கவிழ்ப்பது. ஏனெனில் அங்கே பிழை விட்டதே நமக்குத் தெரியாது. பரீட்சை மண்டபத்திலிருந்து சிரித்த முகத்தோடு வெளியே வந்துவிட்டுப் பெறுபேற்றைக் கண்டு திகைத்து நிற்பவர்களில் பெரும்பாலோர் இந்த வகைப் பிழைகளை நிறைய விட்டவர்கள். பரீட்சை முடிந்து பல மாதங்களாகிவிட்டதென்றால், கடந்தகால வினாத்தாளொன்றை மணிக்கூட்டை வைத்துச் செய்து, அதன் விடைகளை இதே விதமாகப் பிரித்துப் பாருங்கள்.

நுழைவுப் பரீட்சை மொழித் திறனையும் பொது அறிவையும் நுண்ணறிவையும் சோதிக்கிறது. இவற்றில் நம் பிள்ளைகள் பொது அறிவுக்கே முழு நேரத்தையும் கொடுக்கிறார்கள். மொழியைப் பொறுத்தவரை, “தமிழ்தானே, வீட்டில் பேசுவதுதானே” என்ற எண்ணம் இருக்கிறது. வீட்டில் பேசும் தமிழும், உயர்தரத்தில் இலக்கியம் படித்த தமிழும், சட்டமும் வர்த்தமானியும் எழுதப்படும் தமிழும் ஒன்றல்ல. பின்வரும் வாக்கியத்தைப் பாருங்கள். இது நான் பயிற்சிக்காக அமைத்தது. எந்தச் சட்டத்திலும் உள்ளதன்று.

“ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத வதிவிடக் காலத்தையுடைய ஆளெவரும், நிருவாகத்தின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றிருந்தாலன்றி, தமக்கு ஒதுக்கப்பட்ட வீட்டைத் தம் வாழ்க்கைத்துணை அல்லது பிள்ளை தவிர்ந்த வேறெவருக்கும் கைமாற்றுதல் ஆகாது.”

மூன்று ஆண்டுகள் மட்டுமே வசித்த ஒருவர், சம்மதம் பெறாமல், தம் நண்பருக்கு வீட்டைக் கைமாற்றுகிறார். இந்த வாக்கியம் அதைத் தடுக்கிறதா? பத்துப் பேரிடம் கேட்டால் பலர் தடுக்கிறது என்பார்கள். ஆனால் வாக்கியம் ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வசித்தவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மூன்றாண்டுக்காரரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அவரைத் தடுக்க வேறொரு விதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆறு ஆண்டுகள் வசித்த ஒருவர் சம்மதமின்றித் தம் மகளுக்குக் கொடுத்தாலோ, அதையும் இந்த வாக்கியம் தடுக்கவில்லை. “குறையாத”, “அன்றி”, “தவிர்ந்த” என்ற மூன்று சொற்களிலும் கண் நின்று நிதானித்தவருக்கு விடை கிடைக்கும். நியாயம் எதுவாக இருக்க வேண்டும் என்று யோசித்தவர் பிழை விடுவார். கிரகித்தல் வினாக்களில் நல்ல தமிழறிவுள்ளவர்களும் புள்ளி இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதற்கான பயிற்சிக்குக் காசு தேவையில்லை. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் கிடைக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஓர் உறுப்புரையை எடுத்து, அது யாரைப் பற்றிப் பேசுகிறது, எதை அனுமதிக்கிறது அல்லது தடுக்கிறது, எந்த நிபந்தனையில், யாருக்கு விலக்கு என்று நான்கு வரியில் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, நீங்கள் கூட்டிய சொல் எது, விட்ட சொல் எது என்று பாருங்கள். 12ஆம் உறுப்புரையையும் 14ஆம் உறுப்புரையையும் இப்படி எழுதிப் பார்த்தவருக்கு, சுருக்கம் எழுதுதலும் கிரகித்தலும் மட்டுமன்றிப் பொது அறிவில் ஒரு பகுதியும் சேர்ந்தே வந்துவிடும். வீரகேசரி, தினகரன் போன்ற நாளிதழ்களின் ஆசிரியர் தலையங்கத்தை மூன்றிலொரு பங்காகச் சுருக்குவதும் நல்ல பயிற்சியே. சுருக்கும்போது உங்கள் கருத்தைக் கலந்துவிடக் கூடாது; நம்மவர்களுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம்.

நுண்ணறிவு வினாக்களிலும் இதே நோய் வேறு உருவத்தில் வரும். “இந்தத் தோட்டத்திலுள்ளோர் யாவரும் தொழிற்சங்க உறுப்பினர்கள். தொழிற்சங்க உறுப்பினர்களுள் சிலர் சாரதிகள். ஆகவே இந்தத் தோட்டத்திலுள்ளோருள் சிலர் சாரதிகள்.” இந்த முடிபு சரியா? எல்லாத் தோட்டத்திலும் லொறி ஓட்டுகிறவர் ஒருவராவது இருப்பார் என்பது நமக்குத் தெரியுமாதலால், கை தானாகவே “சரி” என்பதற்குப் புள்ளடி போடப் போகும். ஆனால் சாரதிகளாக உள்ள உறுப்பினர்கள் அனைவரும் வேறு இடத்தவர்களாக இருக்கலாம். தரப்பட்ட இரண்டு கூற்றுகளிலிருந்து அந்த முடிபு பிறக்காது. தாளில் உள்ளதை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஒரு பழக்கம். அதை மனனம் செய்ய முடியாது. தினமும் சில வினாக்களைச் செய்து, பிழைத்த ஒவ்வொன்றுக்கும் ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுதித்தான் பழக வேண்டும். எண்தொடர், உருவத்தொடர், திசை, உறவுமுறை வினாக்கள் இவற்றைவிட இலகுவானவை. வகைகளைத் தெரிந்துகொண்டால் வேகம் தானாக வரும்.

பொது அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைப் படிக்கும் முறையைத்தான் குறை சொல்கிறேன். நாடு, தலைநகரம், நாணயம் என்று பட்டியல் பட்டியலாக விழுங்குவதைவிட, ஓர் இழையைப் பிடித்து அதன் வழியே போவது மனதில் நிற்கும். மலையகத்தவருக்கு அந்த இழை வீட்டிலேயே இருக்கிறது. மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதையடுத்து 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டுப்படுத்திய தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்க்க மறுக்கப்பட்டதை எதிர்த்துக் கோடக்கன்பிள்ளை தொடுத்த வழக்கு, அக்காலத்தில் இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டனிலுள்ள கோமறைக் கழகம்வரை சென்று 1953இல் தோற்றது. அப்போதிருந்த 1947ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் காப்பளிக்கவில்லையா என்ற வினா அந்த வழக்கின் மையம். அங்கிருந்து, இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை: இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது. அந்த எஞ்சியோரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டது 1974இல். நாடற்றவர்களாக மிஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்தன.

இந்த ஒரே வரலாற்றைச் சரியாகப் படித்தால் 1947, 1972, 1978 ஆகிய மூன்று அரசியலமைப்புகளையும், பிரதமர்களின் வரிசையையும், சர்வதேச உடன்படிக்கை என்றால் என்ன என்பதையும், மேன்முறையீடு எங்கே போகும் என்பதையும் தொட்டே ஆக வேண்டியிருக்கும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 13ஆம் திருத்தம் 1987இல் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தம் தகவலறியும் உரிமையை 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. அதற்கான சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். இப்படி ஒன்றோடொன்று பிணைத்துப் படித்தது மறப்பது கடினம். நடப்பு விவகாரங்களுக்குப் பரீட்சைக்கு முந்திய ஓராண்டுச் செய்திகளை மாதத்துக்கு இரண்டு பக்கமாகக் குறித்துக்கொண்டால் போதும். கொழும்பில் விற்கும் தடித்த கைநூல்களில் பழைய விவரங்கள் திருத்தப்படாமல் அப்படியே கிடப்பதுண்டு. அமைச்சர்கள், ஆணைக்குழுத் தலைவர்கள் முதலியவற்றை அவற்றில் நம்பிப் படிக்காதீர்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் 2023இல் நிராகரித்தது. அதை வைத்து ஆங்கிலம் வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேல்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் சட்ட அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. உள்ளே நுழைந்த பிறகு தமிழ் மொழிமூல மாணவர் திணறுவது இந்த வாசிப்பில்தான். காத்திருக்கும் ஆண்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் ஏதாவதொரு தீர்ப்பை அகராதியோடு வாசிப்பது, நுழைவுப் பரீட்சைக்கு உதவாவிட்டாலும் அதற்கடுத்த மூன்று ஆண்டுகளுக்கு உதவும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி இல்லாதவர்கள், விண்ணப்ப அறிவித்தலிலுள்ள தகைமைப் பகுதியை முதலில் வாசித்து, தேவையாயின் அந்தப் பாடத்தை மட்டும் மீண்டும் எழுதிவிட்டு வருவது நல்லது. பணம் கட்டி வகுப்புக்குப் போன பிறகு தகைமை இல்லையென்று அறிவது கொடுமை.

பரீட்சை நாளைப் பற்றிச் சிறிதே சொல்கிறேன். கொழும்பில் நிலையம் கிடைத்தால், இரவுத் தபால் ரயிலில் நின்றுகொண்டு போய் விடியற்காலை கோட்டையில் இறங்கி நேரே மண்டபத்துக்குப் போகாதீர்கள். நுணுக்கமாக வாசிக்க வேண்டிய வினாத்தாளைத் தூங்காத கண்ணோடு எதிர்கொள்வது, படித்ததில் பாதியைத் தலவாக்கலையிலேயே விட்டுவிட்டுப் போவதற்குச் சமம். முதல் நாளே இறங்கி, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீடு இருந்தால் தங்கிக்கொள்ளுங்கள். கடையில் வேலை செய்யும் அண்ணன்மாரின் அறையில் பெண்பிள்ளை தங்க முடியாது என்பதால், இதை மாதத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

இனி, மறுபடி எழுதுவதா என்ற கேள்வி. அந்தக் கொப்பியைப் பாருங்கள். பிழைகளில் பெரும்பகுதி நேரம் போதாமையாலும் அவசர வாசிப்பாலும் வந்தவை என்றால், மறுபடி எழுதுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அவை பயிற்சியால் திருந்துபவை. ஆனால் உங்கள் நாள் எப்படி ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லயத்து வீட்டில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இரண்டு அறைக்குள் தொலைக்காட்சியும் தம்பி தங்கையும் இருக்கும்போது மாலையில் மொழிப் பயிற்சி செய்வது நடக்காத காரியம். பலருக்குக் காலை நாலரை மணியிலிருந்து, வீட்டார் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) புறப்படும்வரை கிடைக்கும் நேரமே உருப்படியானது. வாரத்தில் ஒரு நாள் நகரத்து நூலகத்தில் உட்கார்ந்து முழு வினாத்தாளொன்றை நேரம் வைத்துச் செய்ய முடியுமா என்று பாருங்கள். இவற்றுள் எதையும் மாற்ற இயலாதென்றால், அடுத்த ஆண்டும் இதே புள்ளிதான் வரும். அப்போது வேறு வழியை யோசிப்பதே புத்தி.

வேறு வழிகள் உண்டு. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். நீங்கள் ஒரு தடவைதான் தோற்றியிருக்கிறீர்கள். வெட்டுப்புள்ளி மாவட்ட வாரியாக வருவதால், நுவரெலியா மாவட்டத்துக்கு முந்திய ஆண்டுகளில் சட்டத்துக்கு எவ்வளவு வந்தது என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் பார்த்து, உங்கள் புள்ளிக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுங்கள். தூரம் சிறிதென்றால், நுழைவுப் பரீட்சையைவிட உயர்தரத்தை மறுபடி எழுதுவதே மேல் என்பது என் கருத்து. தெரிந்த பாடங்கள், தெரிந்த வினாத்தாள், படித்து முடித்தால் கையில் சட்டமாணி (எல்.எல்.பி.) பட்டம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் சட்டம் கற்பிக்கப்படுகிறது. அந்தப் பட்டத்தோடு சட்டக்கல்லூரிக்குப் போகிறவருக்கு நுழைவுப் பரீட்சை தேவையில்லை.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் சட்டமாணிப் பட்டம் நடத்துகிறது. அதற்குத் தனியாகத் தெரிவுப் பரீட்சை உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்பது அதன் பெரிய நன்மை. கட்டணம் தவணையாகக் கட்டலாமா, எந்த மொழியில் எழுத வேண்டும், வகுப்புகள் கண்டியில் நடக்குமா, கொழும்புக்கே போக வேண்டுமா என்பவற்றை விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டுகள் கூடும். ஆனால் சட்டக்கல்லூரி வழியிலும் மூன்று ஆண்டுப் படிப்புக்குப் பிறகு ஆறு மாதம் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி பெற்று, அதன் பின்னரே உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யலாம் என்பதையும், அந்த ஆண்டுகளில் கொழும்பில் தங்கும் செலவையும் கணக்கில் சேர்த்தால், வித்தியாசம் முதலில் தோன்றுமளவு பெரிதன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் சட்டமாணி என்று தனியார் நிறுவனங்கள் விளம்பரம் செய்வதுண்டு. நகையை அடகுவைத்துச் சேரும் முன், அந்தப் பட்டம் இலங்கையில் சட்டத்தரணியாவதற்கு ஏற்றுக்கொள்ளப்படுகிறதா என்பதைச் சட்டக்கல்லூரியிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் கோரப்பட்டால் தாராளமாக விண்ணப்பியுங்கள். வேலையும் சட்டமும் ஒன்றையொன்று வெட்டுவனவல்ல. மாதச் சம்பளம் வருகிற பிள்ளை அடுத்த ஆண்டு பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றால் வீட்டில் எதிர்ப்பும் குறையும். நியமனம் தூரத்துப் பாடசாலைக்கு வந்து, படிக்கும் நேரம் முழுவதையும் பயணம் விழுங்கினால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

அம்மாவிடம் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து லயத்திலிருந்து செய்தி அவர் காதுக்குப் போவதற்கு முன் நீங்களே சொல்ல வேண்டும். “ஃபெயில்” என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம், ஏனெனில் அது உண்மையன்று. இருக்கும் இடங்கள் இவ்வளவுதான், எழுதியவர்கள் அதைவிடப் பல மடங்கு, என் வரிசை கீழே நிற்கிறது, எந்தப் பகுதியில் குறைந்தேன் என்று கண்டுபிடித்திருக்கிறேன், ஓராண்டில் இதைச் செய்யப் போகிறேன், அதற்கு வீட்டிலிருந்து எனக்கு வேண்டியது காலையில் இரண்டு மணிநேரம் என்று சொல்லுங்கள். பணம் வேண்டுமென்றால் தொகையையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தோட்டத்து அம்மாமார் பிள்ளை அழுவதைவிடக் கணக்குச் சொல்வதை நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பேர் நாள், அதாவது வேலை செய்த நாள்களின் எண்ணிக்கை, பார்த்துச் சம்பளக் கணக்கைச் சரிபார்த்துப் பழகியவர்கள்.

கடைசியாக, காத்திருக்கும் இந்த மாதங்களில் முடித்துவைக்க வேண்டிய கடதாசி வேலை ஒன்று. உங்கள் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தோட்டங்களில் பதிவான பிறப்புகளில் தகப்பன் பெயர் ஒரு மாதிரியும், பாடசாலையில் சேர்த்தபோது வேறு மாதிரியும், சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றியபோது மூன்றாவது மாதிரியும் வந்திருப்பது சர்வ சாதாரணம். “லெட்சுமி” ஒன்றில் “லக்ஷ்மி” ஆகியிருக்கும். முதலெழுத்து ஒன்றில் விடுபட்டிருக்கும். நுழைவு கிடைத்த பிறகு இதைத் திருத்த ஓடுகிறவர்களுக்கு அவகாசம் போதாது. பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிறப்புப் பதிவுத் திருத்தத்துக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று இந்த வாரமே கேளுங்கள். கிராம அலுவலரின் கடிதமும் பாடசாலை விடுகைப் பத்திரமும் எப்படியும் தேவைப்படும். அவற்றை முன்கூட்டியே வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.